தள்ளிப்போகும் பயணம்: அயல்நாட்டுத் தொண்டும் மருத்துவத் தகுதியும்

அமெரிக்கக் கல்லூரிகளில் மே மாதம் பட்டமளிப்பு விழா நடக்கும். அதற்குப் பல மாதங்கள் முன்பே சில மாணவர்கள் சம்பள வேலை எதையும் தேடாமல் தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்புக்கு விண்ணப்பித்திருப்பார்கள். சாம்பியாவின் கிராமத்தில் மீன் வளர்ப்பு, செனகலில் வேளாண்மை, மங்கோலியாவில் ஆங்கிலம் கற்பித்தல் என்று ஏதாவது ஒரு பணியை மனத்தில் வைத்திருப்பார்கள். நேர்காணல் முடிந்து அழைப்பு வந்ததும் போகும் நாடும் புறப்படும் மாதமும் தெரிந்துவிடும். வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சொல்லியாகிவிடும். அதன் பிறகுதான் மருத்துவச் சோதனைகள் முழுவீச்சில் தொடங்கும். பழைய முழங்கால் காயமோ, காசநோய்ச் சோதனையில் வந்த ஒரு முடிவோ, கல்லூரி இரண்டாம் ஆண்டில் பெற்ற மனநல ஆலோசனையோ பயணத்தை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிவிடும். சிலருக்கு அது அடியோடு நின்றுவிடும்.

இந்தத் தாமதம் நியாயமானதா, அது யாரைக் காக்கிறது, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பவை இக்கட்டுரையின் கேள்விகள். மருத்துவச் சோதனை வேண்டும், தாமதங்களில் பலவற்றுக்கு நல்ல காரணமும் இருக்கிறது என்பது என் முடிவு. ஆனால் ஒருவரைத் ‘தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என்று பிரிப்பதற்காகச் சோதனை நடக்கும்போது அநீதி நுழைந்துவிடுகிறது. இந்த உடலால் எந்த ஊரில், என்ன கவனிப்போடு பணியாற்ற முடியும் என்று கண்டறிவதே சோதனையின் வேலை. தாமதம் நேரும்போது அதற்குரிய காரணத்தையும் காலத்தையும் மாற்று வழியையும் சொல்வது அமைப்பின் கடமை.

உடலைப் பார்க்கும் பழக்கம் வந்த வழி

1960 அக்டோபர் 14 அதிகாலையில், தேர்தல் பிரசாரத்தின் நடுவே, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஜான் கென்னடி ஒரு கேள்வி கேட்டார். வளரும் நாடுகளுக்குச் சென்று சில ஆண்டுகள் உழைக்க உங்களில் எத்தனை பேர் தயார் என்பது அதன் சாரம். அவர் குடியரசுத் தலைவரானதும் 1961 மார்ச் 1-ஆம் தேதி நிர்வாக ஆணையின் வழி பீஸ் கோர் பிறந்தது. சார்ஜென்ட் ஷ்ரைவர் அதன் முதல் இயக்குநர். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் முதல் குழு கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் இறங்கியது. 1966-இல் களத்தில் இருந்தவர்கள் 15,000 பேருக்கு மேல். இன்றுவரை 2,40,000 பேருக்கு மேல் இதில் பணியாற்றியிருக்கிறார்கள்.

தொடக்க காலத்தில் வடிகட்டல் பயிற்சி முகாமிலேயே நடந்தது. உளவியலாளர்கள் பயிற்சி பெறுவோரைக் கவனித்து மதிப்பிடுவார்கள். பயிற்சியின் இடையிலும் முடிவிலும் தேர்வுக் குழு கூடிச் சிலரை வீட்டுக்கு அனுப்பும். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலருக்குக் காரணம் தெளிவாகச் சொல்லப்படவில்லை. காரணம் சொல்லாமல் நிறுத்தும் அந்தப் பழக்கத்தின் சாயல் இன்னும் முழுதாக மறையவில்லை என்பதை இந்தக் கட்டுரை நெடுகக் காணலாம்.

அதே காலத்தில் வேறொரு முன்னுதாரணமும் இருந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், செவிலியராகப் பயின்றவர். 1966-இல், தம் 68-ஆம் வயதில், பம்பாய்க்கு அருகே விக்ரோலிக்கு வந்து அங்கிருந்த மருத்துவமனையில் பணியாற்றினார். ஆளையும் அவருக்குரிய இடத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுத்தால் வயது தானாகத் தடையாகாது என்பதற்கு அவரே சான்று.

இன்று நடப்பது என்ன

பீஸ் கோர் பணிக்காலம் 27 மாதங்கள். முதல் மூன்று மாதம் மொழிப் பயிற்சியும் பணிப் பயிற்சியும், பிறகு இரண்டு ஆண்டுப் பணி. 2014-இல் விண்ணப்ப முறை எளிதாக்கப்பட்டது. அதற்குமுன் அமைப்பு எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். அதன்பின் விண்ணப்பிப்பவரே நாட்டையும் பணியையும் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. அழைப்பை ஏற்றவர் சட்டரீதியான சரிபார்ப்பையும் மருத்துவ ஒப்புதலையும் கடந்தால்தான் விமானம் ஏறலாம்.

மருத்துவ ஒப்புதல் என்பது நீண்ட வேலை. உடல்நல வரலாறு முழுவதையும் எழுதித் தர வேண்டும். அதில் குறிப்பிடும் ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சை அளித்த மருத்துவரின் அறிக்கையைக் கேட்பார்கள். இரத்தப் பரிசோதனை, காசநோய்ச் சோதனை, தடுப்பூசிச் சான்றுகள், பல் எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். சொத்தைப் பல்லை அடைக்க வேண்டும். தொல்லை தரக்கூடிய ஞானப்பல்லைப் பிடுங்கச் சொல்வதும் உண்டு. பல்தானே என்று தோன்றலாம். பல் மருத்துவரிடம் போக ஒரு நாள் பேருந்துப் பயணம் வேண்டியிருக்கும் ஊரில் வேர்வரை பரவிய பல்வலி சின்ன நோயாக இருக்காது.

பணிக்குப் போனபின் நோயுற்றால் சிகிச்சைச் செலவு அமைப்புடையது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென்று மருத்துவ அலுவலர் இருப்பார். அங்கே குணப்படுத்த முடியாததை அண்டை நாட்டின் பெரிய மருத்துவமனைக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிக் கவனிப்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவர் 45 நாட்களுக்குள் பணிக்குத் திரும்பும் நிலையை அடையாவிட்டால் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்படுவார். ஆக, புறப்படும் முன் ஒருவரை ஏற்பது இரண்டு ஆண்டுகளுக்கு அவருடைய உடல்நலத்துக்குப் பொறுப்பேற்பதாகும். அமைப்பு அஞ்சுவதற்கு இதுவே அடிப்படை.

தாமதங்களின் வகைகள்

பட்டதாரிகளை நிறுத்திவைக்கும் காரணங்களை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஆறும் வரை பொறுக்க வேண்டிய உடல் காயங்கள். கல்லூரி விளையாட்டில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பழையபடி ஓடியாட ஆறு முதல் ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மண்பாதையில் தினமும் பல கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டிய ஊருக்கு அவரை நான்காம் மாதத்தில் அனுப்புவது தவறு. முடிவு தெரிந்த தாமதம் என்பதால் இதைத் தாங்குவது எளிது.

இரண்டாவது, சோதனையில் எதிர்பாராமல் தெரியவரும் நிலைகள். உள்ளுறைக் காசநோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலில் கிருமி இருக்கும், நோய் வெளிப்பட்டிருக்காது, பிறருக்குப் பரவவும் செய்யாது. ஆனாலும் தடுப்புச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மருந்தைப் பொறுத்து அது மூன்று முதல் ஒன்பது மாதம் வரை நீளும். இந்தியாவில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியே ஒரு சிக்கல் உண்டு. பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் தோல் சோதனையில் கிருமி இருப்பதுபோலப் பொய்யான முடிவு வரக்கூடும். பி.சி.ஜி.யால் குழம்பாத இரத்தச் சோதனை இருக்கிறது. அதைக் கேட்டுச் செய்துகொண்டால் தேவையற்ற பல மாதத் தாமதத்தைத் தவிர்க்கலாம்.

ஜி6பிடி நொதிக் குறைபாடும் இப்படித்தான். மலேரியா காலங்காலமாக இருந்துவந்த ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் பகுதி, தெற்காசியா ஆகியவற்றின் வழிவந்தவர்களிடம் இது கூடுதல். குறைபாடு உள்ளவருக்கு பிரைமாகுவின் மருந்து கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதையும். கல்லீரலில் பதுங்கும் மலேரியாக் கிருமியை ஒழிக்க அந்த வகை மருந்துதான் வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஏற்ற நாட்டுக்கு அனுப்பலாம். தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, நாளும் கவனிக்க வேண்டிய நீடித்த நோய்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவரின் இன்சுலின் இருப்பை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டுக்கு எடுத்த குப்பி சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், கடும் வெயிலில் அதுவும் தாங்காது. மின்சாரம் வராத ஊரில் இது தினசரிப் போராட்டம். மின்வசதியும் அருகில் மருத்துவமனையும் உள்ள நகரத்தில் இதே மனிதர் இரண்டு ஆண்டும் நிம்மதியாகப் பாடம் நடத்தலாம். குடல் அழற்சிக்கு நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட முடியாது, அது உயிருள்ள கிருமியால் ஆனது. அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகள் அவருக்கு ஆகாது, இல்லாத நாடுகள் ஆகும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் செனகலுக்கோ காம்பியாவுக்கோ போவது ஆபத்து. அங்கே கடலை முக்கியப் பயிர், அன்றாடக் குழம்பிலும் அது அரைத்துச் சேர்ந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் குளிர்கால நிலக்கரிப் புகை கெடுதல். பசிபிக் தீவு ஒன்றில் அவரால் தாராளமாக மூச்சுவிட முடியும்.

நோய் ஒன்றேதான் என்றாலும் ஊர் மாறும்போது விடை மாறுகிறது. ‘தகுதியற்றவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவர்களை மூடிவிடுவது எவ்வளவு பிழை என்பதை இந்த மூன்றாம் வகையே காட்டிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் பீஸ் கோர் ஒவ்வொரு பணி அறிவிப்போடும் அந்த நாட்டில் எந்தெந்த நோய்களுக்குக் கவனிப்புத் தர இயலாது என்ற குறிப்பையும் வெளியிடுகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. விண்ணப்பிக்கும் முன்பே அந்தக் குறிப்பைப் படித்து நாட்டைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதி ஏமாற்றம் குறையும்.

நான்காவது வகை மனநலம். இதுதான் மிகக் கடினமானது, அதிகம் வழக்காடப்பட்டதும் இதுதான்.

மனநலம்: சிகிச்சை பெற்றதற்கே தண்டனையா?

வீட்டையும் மொழியையும் நண்பர்களையும் விட்டுத் தனியாக இரண்டு ஆண்டு வாழ்வது யாருக்கும் எளிதல்ல. மனச்சோர்வு வந்து போனவருக்கு அது திரும்பலாம். ஆலோசகரோ மனநல மருத்துவரோ ஆங்கிலம் பேசும் உளவியலாளரோ அருகில் இருக்க மாட்டார்கள். மலேரியாத் தடுப்புக்கு முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட மெஃப்லோகுவின், மனநிலையைக் குலைக்கும் என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அறிவித்தது. மனச்சோர்வு வரலாறு உள்ளவருக்கு அது ஆகாது, வேறு மருந்து தர வேண்டும். கவனக்குறைவுக் கோளாற்றுக்குத் தரும் சில ஊக்க மருந்துகள் சில நாடுகளில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. ஆகவே மனநல வரலாற்றைக் கேட்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

அநீதி வேறிடத்தில் தொடங்குகிறது. துயரம் வந்தால் ஆலோசகரிடம் போ, மறைக்காதே என்று கல்லூரிகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. சொன்னபடி போனவருடைய பெயரில் ஒரு பதிவு இருக்கும். அதே துயரத்தை யாரிடமும் சொல்லாமல் விழுங்கியவரிடம் எந்தப் பதிவும் இருக்காது. காகிதத்தைப் பார்த்தால் இரண்டாமவரே ‘ஆரோக்கியமானவர்’. தன் மனத்தை அறிந்து உதவி கேட்கத் தெரிந்தவர் தொலைதூர ஊரில் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு உண்மையில் கூடுதல். அந்தத் திறமையையே குறையாக எண்ணும் முறை தன் நோக்கத்துக்கே எதிராகச் செயல்படுகிறது. மனநலச் சிகிச்சையை வெளியே சொன்னால் கல்யாணத்துக்குக் கேடு, குடும்பப் பெயருக்குக் கேடு என்று மூடிவைக்கும் பழக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் கடல் கடந்த பிறகும் தொடர்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை துணிந்து ஆலோசனை பெற்று, அதனாலேயே பயணம் நின்றுபோனால், வீட்டில் கற்ற பாடம்தான் சரி என்ற எண்ணம் அதன் மனத்தில் உறுதிப்பட்டுவிடும்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டம், உடல் அல்லது மனக் குறைபாட்டைக் காரணம் காட்டி அரசுத் திட்டங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பீஸ் கோரின் சொந்த விதிகளும், நியாயமான வசதிகள் செய்துகொடுத்தால் ஒருவர் பணியின் இன்றியமையாத வேலைகளைச் செய்ய முடியுமா என்றே பார்க்கச் சொல்கின்றன. நடைமுறை இதைவிட்டு விலகியபோது மக்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உக்ரைனில் பணியாற்றிய ஒரு தன்னார்வலருக்கு எச்.ஐ.வி. தொற்று தெரியவந்ததும் பணி முடிக்கப்பட்டது. அது 2008-இல் பொதுவெளிக்கு வந்து குடிமை உரிமை அமைப்புகள் குரல் கொடுத்தபின், தொற்று இருப்பதாலேயே ஒருவரை நீக்குவதில்லை என்று கொள்கை மாறியது. மனநல வரலாற்றுக்காக அழைப்பு திரும்பப் பெறப்பட்ட சில விண்ணப்பதாரர்கள் 2023-இல் நீதிமன்றம் சென்றார்கள். நோயின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், ஆளைப் பார்த்துச் செய்யவில்லை என்பது அவர்கள் குறை. அது கவனத்தோடு கேட்க வேண்டிய குறை.

அமைப்பின் அச்சமும் ஊரின் உரிமையும்

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2013-இல் சீனாவில் பணியாற்றிய 23 வயது இளைஞர் ஒருவர் வயிற்று நோயால் இறந்தார். அவருக்குக் கிடைத்த கவனிப்பில் குறைகள் இருந்ததாக விசாரணை காட்டியது. 2018-இல் கொமரோஸ் தீவில் 24 வயதுப் பெண் ஒருவர் மலேரியாவால் இறந்தார். உரிய நேரத்தில் அவருக்கு மலேரியாச் சோதனை செய்யப்படவில்லை. அதே ஆண்டு இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டம் சீனாவில் இறந்த நிக் காசிலின் பெயரையும் தாங்கியிருக்கிறது. களத்தில் மருத்துவக் கவனிப்பைச் சீராக்குவது அதன் முக்கிய நோக்கம்.

இந்த மரணங்களைச் சொல்லி வாசலை இன்னும் இறுக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. சோதனைகளைக் கடந்து அனுப்பப்பட்டவர்களே பணியிடத்தில் கவனிப்புத் தவறியதால் இறந்தார்கள். புறப்படும் முன் எவ்வளவு வடிகட்டினாலும் போன இடத்தில் நல்ல மருத்துவர் இல்லாவிட்டால் பயனில்லை. களத்தின் கவனிப்பு வலுப்பெறுமானால் வாசலில் திருப்பி அனுப்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையும் குறையும்.

விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இன்னொரு தரப்பு, தன்னார்வலரை ஏற்கும் ஊர். கிராமப் பள்ளி ஒன்று பாட அட்டவணையில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்கும். ஒரு குடும்பம் தன் வீட்டில் அறை ஒழித்துக் கொடுத்திருக்கும். அவர் ஆறாம் மாதத்தில் நோயுற்றுத் திரும்பினால் வகுப்பு பாதியில் நிற்கும். தயாராகும்வரை காத்திருந்து வருவது அந்த ஊருக்குக் காட்டும் மரியாதையும்கூட. தாமதத்தை நான் முழுவதுமாக எதிர்க்காததற்கு இதுவே பெரிய காரணம்.

காத்திருப்பின் விலை

காத்திருக்கும் பட்டதாரிக்குக் கல்விக்கடன் இருக்கும். அரசுக் கல்விக்கடன்களுக்குப் படிப்பு முடிந்தபின் பொதுவாக ஆறு மாத அவகாசம் உண்டு, பிறகு தவணை தொடங்கும். பணிக்குப் போயிருந்தால் தவணையைத் தள்ளிவைக்க வழி இருந்திருக்கும். கூடுதல் சோதனைகள், நிபுணர் அறிக்கைகள் ஆகியவற்றின் செலவில் ஒரு வரம்பு வரையே அமைப்பு திருப்பித் தரும். 2010-ஆம் ஆண்டு உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தால் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். பெற்றோருக்கே காப்பீடு இல்லாவிட்டால் கைப்பணம்தான். ஒரே நோய் உள்ள இருவரில் வசதியானவர் ஆறு வாரத்தில் ஆவணங்களைத் திரட்டிவிடுவார், வசதியற்றவர் பாதியிலேயே விலகிவிடுவார். இப்படித் தொண்டுசெய்யும் வாய்ப்பும் வருமானத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஆறு மாதத்தில் போய்விடலாம் என்ற நிலையில் நிரந்தர வேலை தேடவும் மனம் வராது, வாடகை ஒப்பந்தம் போடவும் முடியாது. ‘எப்போது கிளம்புகிறாய்?’ என்ற கேள்வியைத் தெரிந்தவர் ஒவ்வொருவரும் கேட்பார்கள். இந்த அழுத்தம் சிலரை உண்மையை மறைக்கத் தூண்டும். சிலர் நலமாகத் தோன்றுவதற்காக மருத்துவரைக் கேளாமல் மருந்தையே நிறுத்துவார்கள். இரண்டும் ஆபத்து. மறைத்தது பின்னர் தெரிந்தால் பணி போகும். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்தில் அண்மையில் மாற்றம் இருந்தாலே உடல்நிலை நிலைப்பட்டிருப்பதைக் காட்ட மேலும் காலம் கேட்பது வழக்கம். அவசரப்பட்டுச் செய்தது தாமதத்தை நீட்டிவிடும்.

வேறு வழிகள்

சிக்கல் பீஸ் கோருக்கு மட்டும் உரியதன்று. 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ., 1965-இல் ஜப்பான் தொடங்கி 2016-இல் மகசேசே விருது பெற்ற வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டம், 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் என எதில் வெளிநாட்டுக்குப் போவதானாலும் உடல்தகுதி கேட்கப்படும். ஆனால் பணிக்காலமும் இடமும் வேறுபடுகின்றன. மருத்துவமனை உள்ள நகரத்துப் பணிகளும் குறுகிய காலப் பணிகளும் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே இணையவழி செய்யும் பணிகளை ஐ.நா. திட்டமும் பீஸ் கோரும் வைத்திருக்கின்றன. அமெரிக்காவுக்குள்ளேயே ஓராண்டளவு பணி தரும் அமெரிகோர் திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது. அகதிக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதும் பொதுச் சுகாதார நிலையத்தில் உதவுவதும் பின்னர் வெளிநாட்டில் செய்யப்போகும் வேலையின் நேரடிப் பயிற்சி.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தன்னார்வலர்களை பீஸ் கோர் ஒரே வீச்சில் திரும்ப அழைத்தது. களத்துக்கு மீண்டும் ஆட்கள் போனது 2022 மார்ச்சில்தான். முழு ஆரோக்கியம் உள்ளவர்களும் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். அவர்களை யாரும் தகுதியற்றவர் என்று சொல்லவில்லை. நோயால் காத்திருப்பவருக்கும் அந்த மரியாதை உரியது.

செய்ய வேண்டியவை

போக விரும்புவோர் கல்லூரி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே பல் சிகிச்சையை முடித்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிச் சான்றுகளைத் திரட்ட வேண்டும். நீடித்த நோய் இருந்தால் மருத்துவரிடம் திட்டத்தை விளக்கி, இரண்டாண்டு வெளியூர் வாழ்வுக்கு என்ன தேவைப்படும் என்று எழுதி வாங்க வேண்டும். நாட்டுக் குறிப்புகளைப் படித்தபின் விண்ணப்பிக்க வேண்டும். நிராகரிப்பு வந்தால் மேல்முறையீடு செய்யத் தயங்கக் கூடாது, அது விதியில் உள்ள உரிமை.

அமைப்புகள் செய்ய வேண்டியதை மூன்று கேள்விகளில் சொல்லிவிடலாம். ஏன் தாமதம்? எதுவரை? இந்த நாடு ஆகாது என்றால் வேறு எந்த நாடு ஆகும்? ஒவ்வொரு மருத்துவ முடிவுக் கடிதமும் இவற்றுக்கு எழுத்தில், அந்த ஆளின் நிலையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வசதியற்றவர்களின் சோதனைச் செலவை அமைப்பே ஏற்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ள சட்டத்தின் பொருளே இதுதான். பதில் கிடைத்தவர் தன் ஆண்டைத் திட்டமிட்டுக்கொள்வார், சிகிச்சையை முடிப்பார், மீண்டும் விண்ணப்பிப்பார். பதில் கிடைக்காதவர் தன் உடலே தன்னைக் கைவிட்டது என்று எண்ணி விலகிப் போவார். உதவ மனமுள்ள இளைஞர் ஒருவரை அப்படி இழப்பது, அவருக்காக இடம் ஒதுக்கிக் காத்திருந்த ஊருக்கும் இழப்பு.